வைஃபை வரல மேடம்

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, "இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள், பிடித்துத் தருகிறேன்" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிற தொழில்கள் உலகத்தில் சிலதான் இருக்கும். அதில் ஒன்று என்னுடையது.

பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில், நூலகக் கட்டடத்து மாடிப்படிக்குக் கீழே, 'ஹெல்ப் டெஸ்க்' என்று பலகை மாட்டிய மேசைக்குப் பின்னால் சில வருடங்கள் உட்கார்ந்திருந்தேன். வளாகத்தில் வைஃபை வந்த புதிது. வீட்டு வைஃபை மாதிரி ஒரே பாஸ்வேர்டை ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகிற சமாசாரம் இல்லை அது. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. அது போதாதென்று லேப்டாப்பில் ஜன்னலுக்குள் ஜன்னலாகத் திறந்து, ஒரு கட்டத்தில் டிக் போட்டு, இன்னொரு கட்டத்தில் இருக்கிற டிக்கை எடுக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் கதவு திறக்காது. ஏன் திறக்கவில்லை என்றும் சொல்லாது.

பாஸ்வேர்டைச் சரியாகத்தான் போட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, கேப்ஸ் லாக் விளக்கு எரிவதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டவர்களே, நாமெல்லாம் ஒரே கட்சி. நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் அவஸ்தைப்பட்டீர்கள், நான் இந்தப் பக்கம். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்த மேசையில் எரிச்சல்பட்ட நாட்களைவிட, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள்தான் என் நினைவில் தங்கியிருக்கின்றன.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்

வைஃபை தொடங்கிய வாரத்தில் வந்தவர் இயற்பியல் பேராசிரியர் வெங்கடேசன். ஓய்வு பெறப்போகிற வயது. மகன் வாங்கிக்கொடுத்த லேப்டாப்பைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். நான் செட்டிங்ஸை முடித்து, ஒரு செய்தித்தாளின் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் அதைப் படிக்கவேயில்லை. திரையின் மூலையில் இருந்த சிக்னல் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை எடுத்துக்கிட்டு வெளிய போகலாமாம்மா?" என்று கேட்டார். போகலாம் என்றேன். எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார்.

படியில் தடுக்கிவிடப்போகிறாரே என்று நானும் பின்னால் ஓடினேன். தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றார், கோடு குறையவில்லை. நூலகச் சுவரைச் சுற்றி அந்தப் பக்கம் போனார், ஒரு கோடு போயிற்று. "ம்" என்றார். சைக்கிள் ஸ்டாண்டில் இன்னொன்று போயிற்று. பிறகு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றார். எல்லாக் கோடும் அணைந்தது. ஒரு அடி எடுத்து இந்தப் பக்கம் வைத்தார், வந்தது. மறுபடி அந்தப் பக்கம், போயிற்று. "தண்ணி குடிச்சிடுதும்மா, அலையைத் தண்ணி குடிச்சிடுது!" என்று கத்தினார். வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். அவருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. மூச்சு வாங்க, வெயிலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது கண்ணாடியை மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

லேப்டாப்பை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து இதை போர்டுல எழுதிட்டிருக்கேன்மா. சமன்பாடு சரிதான்னு இன்னைக்குத்தான் நம்பிக்கை வந்துது."

பக்கவாட்டில் ஒரு பட்டன்

ஆங்கிலத் துறை மேடம் ஒருவர், அவரைக் கண்டால் துறையே நடுங்கும். அவர் லேப்டாப்பில் வைஃபை என்கிற பேச்சே இல்லை. வைஃபையை இயக்குகிற டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி போட்டேன், செட்டிங்ஸை முதலிலிருந்து போட்டேன், ரீஸ்டார்ட் செய்தேன், மனசுக்குள் ஜெபமும் செய்தேன். அவர் எதிரே உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிற பார்வையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கம்பியைச் செருகிப் பார்க்கலாம் என்று லேப்டாப்பைத் திருப்பியபோது, பக்கவாட்டில், நகக்கண் அளவுக்கு ஒரு தள்ளு பட்டன் தட்டுப்பட்டது. தள்ளினேன். நீல விளக்கு எரிந்தது. வளாகத்தின் வைஃபை மொத்தமும் திரையில் வந்து வரிசையில் நின்றது.

திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டேன். மேடம் அந்தப் பட்டனை அணைத்தார், போட்டார், அணைத்தார், போட்டார். முகம் சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது. "இவ்ளோ சின்னப் பட்டன்லயா எல்லாம் இருந்தது? அப்போ எங்க வீட்டுக்காரருக்கும் எங்கேயோ ஒண்ணு இருக்கணும் ஹெலன், நான்தான் இத்தனை வருஷமா சரியாத் தேடல."

இன்னும் பிறக்காத அடையாள அட்டை

ஆனேக்கல்லிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படிக்கிற பெண் தேவி. கணிதம் முதுகலை. ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில் கோடைகாலம் முழுக்கத் தங்கிப் படிக்க வாய்ப்பு, அதற்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். கணினி லேபில் அன்றைக்குத் தேர்வு. நூலகக் கணினிகளிலும் என் மேசைக் கணினியிலும் வைரஸ் பயத்தால் பென் டிரைவ் செருகுகிற இடத்தையே நாங்கள் மூடி வைத்திருந்தோம். அவள் எழுதின கட்டுரையோ பெரியம்மா மகனிடம் இரவல் வாங்கின பழைய லேப்டாப்பில் இருக்கிறது, அதில் கம்பி செருகுகிற இடம் உடைந்துபோயிருந்தது. நாலு மணிக்கு ஓடிவந்தாள். "வைஃபை வரல மேடம்" என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பை என் முன்னால் திறந்து வைத்தாள்.

எல்லாம் சரியாக இருந்தது. பெயர் சரி, பாஸ்வேர்டு சரி, டிக் எல்லாம் அதனதன் இடத்தில். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கதவு வரைக்கும் போய்த் திரும்பிவந்தது. எங்கள் நெட்வொர்க்குக்கு ஒரு சர்டிஃபிகேட் உண்டு. நான்தான் உண்மையான நெட்வொர்க் என்று அது லேப்டாப்பிடம் காட்டுகிற அடையாள அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அட்டையைத்தான் லேப்டாப் நம்ப மாட்டேன் என்றது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் தலைவர் நாகராஜப்பா சார் வந்து பார்த்தார், அவருக்கும் புரியவில்லை. தேவி அழவில்லை, துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி விரல் வெளுத்துப்போயிருந்தது. இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறதோ என்று லேப்டாப்பின் மூலையைப் பார்த்தேன். விடியற்காலை என்றது கடிகாரம். தேதியைப் பார்த்தேன். சில வருடங்களுக்கு முந்தைய ஒரு ஜனவரி ஒன்று. உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி செத்து, அந்த லேப்டாப் எப்போதும் அந்தப் புத்தாண்டிலேயே கண் விழிக்கிறது. எங்கள் அட்டையோ அதற்கப்புறம் வழங்கப்பட்டது. இன்னும் வராத காலத்து அட்டையைக் காட்டினால் எந்த வாட்ச்மேன்தான் உள்ளே விடுவான்?

தேதியை மாற்றினேன். மாற்றி விரலை எடுப்பதற்குள் இணைந்துவிட்டது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது என்ற பச்சை எழுத்து வந்தபோது நாகராஜப்பா சார் நாற்காலியைத் தட்டி, முடிந்தது என்று கன்னடத்தில், "ஆயித்து!" என்றார். அந்தக் கோடையில் தேவிக்கு இடம் கிடைத்தது, அது பிறகு நடந்தது. அன்றைக்கு, நான் காரணத்தை விளக்கிச் சொன்னதும், அவள் அந்த லேப்டாப்பை ஏதோ பேய் பிடித்த பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்போ இதைப் பொறுத்தவரைக்கும் நான் இன்னும் ஸ்கூல்லதான் படிச்சிட்டிருக்கேனா மேடம்?"

மதியச் சாப்பாடும் மார்க் லிஸ்ட்டும்

தேர்வுப் பிரிவிலிருந்து தினமும் ஒரே புகார். காலையில் வேலை செய்கிற வைஃபை மதியம் படுத்துவிடுகிறது, மார்க் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே போய்விடுகிறது, திரும்ப முதலிலிருந்து ஏற்றவேண்டும். பிள்ளைகளின் ரிசல்ட் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. நாகராஜப்பா சார் வைஃபை பெட்டியை மாற்றினார், இடத்தை மாற்றினார். யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பி, ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்படுகிற அளவுக்குப் போய்விட்டது. ஒரு நாள் நானும் சாரும் சாப்பிடாமல் அங்கேயே காத்திருந்தோம். வைஃபை போன அதே நேரத்தில் என் மூக்குக்குச் சாம்பார் வாசனை வந்தது. பசி வேளையில் மூக்கு ஏமாறாது. அடுத்த அறைக்குப் போய்ப் பார்த்தேன். அட்டெண்டர் ரத்னம்மா, எல்லோருடைய டிபன் பாக்ஸையும் வரிசையாக அடுக்கி, புதிதாக வந்திருந்த மைக்ரோவேவில் ஒவ்வொன்றாகச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் பெட்டி. சோற்றைச் சுடவைக்கிற அலையும் மார்க்கைச் சுமக்கிற அலையும் கிட்டத்தட்ட ஒரே இனம் என்று படித்திருக்கிறேன். இரண்டும் சண்டை போட்டு நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். சார் அடுப்பை நிறுத்தச் சொன்னார், வைஃபை வந்தது. போடச் சொன்னார், போனது.

மைக்ரோவேவ் கட்டடத்தின் அடுத்த கோடிக்குப் போயிற்று, ரிசல்ட் வெளிவந்தது. அதெல்லாம் பிறகு. அன்றைக்கு ரத்னம்மா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. இடுப்பில் கைவைத்து ஒரு தடவை அடுப்பைப் பார்த்தார், ஒரு தடவை வாசல் வழியாக அடுத்த அறைக் கூரையிலிருந்த எங்கள் பெட்டியைப் பார்த்தார். "நான் அன்னம் சூடு பண்ணா ஆபீஸ் பூரா நின்னுபோகுதா? எனக்கே தெரியாம எனக்கு இவ்ளோ பவர் இருந்திருக்கு பாரு!"

டுக்

செல்வம் கோலார் தங்கவயலைச் சேர்ந்தவர். வரலாற்றுத் துறையில் ஆய்வு மாணவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற மென்பொருள் அவர் லேப்டாப்பில் இருந்தது. அது பேசுகிற வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை, தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருந்தது. அவருக்கு ஒவ்வொரு துளியும் தனித்தனியாகக் கேட்டது.

"கொடுங்க சார், நான் போட்டுத் தர்றேன்" என்று கை நீட்டினேன். "நீங்க போட்டா அடுத்த தடவை போயிடுச்சுன்னா மறுபடி உங்ககிட்டதான் வரணும். சொல்லுங்க, நான் போட்டுக்கறேன்" என்றார். சரி என்று எங்கள் வழிகாட்டித் தாளை எடுத்தேன். முழுக்கப் படம். "இங்க சிவப்பு வட்டம் போட்டிருக்கு பாருங்க, அதை…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அவர் சிரித்தார். "சிவப்புன்னா எந்தப் பக்கம் மேடம்?" நான் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒவ்வொரு ஜன்னலின் பெயரையும் வாயால் சொல்லத் தொடங்கினேன். மவுஸ் இல்லாமல் வெறும் விசைகளாலேயே அவர் உள்ளே உள்ளே போனார். எல்லாம் முடிந்து கடைசிப் படியில் மாட்டிக்கொண்டோம். பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிற அறிவிப்பு அந்தக் காலத்தில் திரையின் ஓரத்தில் ஒரு குமிழ் மாதிரி எழும்பி, கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். அதை அவருடைய மென்பொருள் படிக்கவில்லை. நான் "வந்துது" என்பதற்குள் போய்விடும்.

"ஒரு நிமிஷம் பேசாதீங்க" என்றார். லேப்டாப்பின் மேல் காதைச் சாய்த்தார். நூலகத்துக்கு வருவோர் போவோர் செருப்புச் சத்தம், மின்விசிறிச் சத்தம், எங்கேயோ ஆட்டோ ஹாரன். திடீரென்று அவர் விரல் இரண்டு விசைகளை அழுத்தியது. குமிழ் திறந்து பெட்டியானது. எப்படி என்று கேட்டேன். அது எழும்பும்போது 'டுக்' என்று ஒரு சத்தம் வருகிறதாம். தினமும் அந்தக் குமிழோடுதான் வாழ்க்கை நடத்துகிறேன். ஒரு நாளும் அதை நான் கேட்டதில்லை. அடுத்த வாரம் அவரே ஒரு புதிய வழிகாட்டியைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். படமே கிடையாது, எல்லாம் வார்த்தை. நாகராஜப்பா சார் அதைப் படித்துவிட்டுப் பழைய தாள்களை அப்படியே குப்பைக்கு அனுப்பினார். புதுத் தாளை வாங்கிப்போனவர்கள் திரும்பி மேசைக்கு வருவது வெகுவாகக் குறைந்தது. அதைச் செல்வத்திடம் சொன்னேன். "கண்ணு இருக்கறவங்க படத்தைப் பாத்ததும் புரிஞ்சிடுச்சுன்னு நெனச்சுக்கறாங்க மேடம். எனக்கு அந்த வசதி இல்ல, அதனால முழுசாப் புரிஞ்சுக்க வேண்டியதாப் போச்சு."

நீங்க யாரு?

ஷாஹின் முதலாமாண்டு வேதியியல் மாணவி. அதிகம் பேசமாட்டாள். ஒரு மத்தியானம் கேன்டீனிலிருந்து நேரே ஓடிவந்து, லேப்டாப்பைத் திறந்தபடியே மேசைமேல் வைத்தாள். "மேடம், நம்ம வைஃபைதான், பேரும் அதேதான். ஆனா இன்னைக்கு இந்த சர்டிஃபிகேட்டை நம்பலாமான்னு கேக்குது. தெனமும் கேக்காது. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஓகே குடுத்துட்டாங்க. பாஸ்வேர்டைக் கேட்டுது, போட்டாங்க. நான் போடல. பயந்தாங்கொள்ளின்னு சிரிக்கறாங்க."

நான் திரையைப் பார்த்தேன். அட்டையில் இருந்த பெயர் எங்களுடையது இல்லை. யாரோ கேன்டீனுக்குப் பக்கத்தில் எங்கள் பெயரிலேயே ஒரு போலிக் கதவை நிறுத்தி, வருகிறவர்களின் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த பாஸ்வேர்டில்தான் மெயில் இருக்கிறது, தேர்வுப் பதிவு இருக்கிறது, ஆசிரியர்களுக்கு மார்க் ஏற்றுகிற கணக்கும் இருக்கிறது. நாகராஜப்பா சாரும் நானும் ஆளுக்கொரு லேப்டாப்போடு கிளம்பினோம். சிக்னல் எங்கே கூடுகிறது என்று பார்த்துப் பார்த்து நடந்தோம்; ஷாஹினும் கூடவே வந்தாள். கேன்டீனுக்கு மேலே பூட்டாத ஒரு காலி வகுப்பறை. பழைய நாற்காலிகளுக்குப் பின்னால், ஜன்னல் ஓரம், பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு ஒரு சின்னப் பெட்டி. சார் கம்பியைப் பிடுங்கினார். கீழே கேன்டீனில் "போச்சுடா, வைஃபை போச்சு" என்று ஒரு கூச்சல் எழுந்தது. அன்று சாயங்காலத்துக்குள் அங்கே இணைந்த எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றவைத்தோம். வைத்தது எங்கள் பிள்ளைகளில் ஒருவன்தான்; அவனை விசாரித்து ஒரு பருவம் வெளியே நிறுத்தினார்கள்.

பெரிய பெரிய அதிகாரிகளே படிக்காமல் ஓகே அழுத்துகிற இடத்தில் இந்தப் பெண் எப்படி நின்றாள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கேட்டேன். அவள் கூச்சத்தோடு சொன்னாள்: "என்னை யாருன்னு கேக்கறவங்ககிட்ட, நீங்க யாருன்னு நானும் கேக்கலாம்தானே மேடம்?"

பந்த் நாளில்

அன்று பந்த். பஸ் ஓடத் தடையில்லாத அதிகாலையிலேயே லிங்கராஜபுரத்திலிருந்து கிளம்பி வந்துவிட்டேன். நாகராஜப்பா சார் அவருடைய ஸ்கூட்டரில் வந்திருந்தார். வளாகத்தில் ஈ காக்கை இல்லை. பத்து மணி வாக்கில் ஹாஸ்டலிலிருந்து ஜோசப் வந்தார். கென்யாவிலிருந்து வந்து சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத ஆய்வு மாணவர். நைரோபியில் மனைவிக்கு மாதம் நிறையாமலே குழந்தை பிறந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். டாக்டர்கள் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. மைத்துனி ஆஸ்பத்திரியில் லேப்டாப்போடு காத்திருக்கிறாள். வெளியே பிரவுசிங் சென்டர் எல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடக்கிறது. "ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டால் போதும்" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவருக்கு இன்னும் வைஃபை கணக்கு இல்லை. துறைத்தலைவர் தம் பாஸ்வேர்டில் உள்ளே போய் அனுமதித்தால்தான் கணக்கு உருவாகும். சிஸ்டத்தில் வேறு வழியே வைக்கவில்லை; கம்பியைச் செருகினாலும் அதே பெயரும் பாஸ்வேர்டும்தான் கேட்கும். என் மேசைக் கணினியில் கேமரா கிடையாது. என் பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்துவிடலாமா என்று விரல் துடித்தது. நாகராஜப்பா சார் தலையை ஆட்டினார். விதி என்றால் அவருக்கு வேதம். துறைத்தலைவருக்குப் போன் போட்டார். காக்ஸ் டவுன் வீட்டில் இருந்தார், வீட்டில் இன்டர்நெட் இல்லை. "போன்லயே பாஸ்வேர்டு சொல்லச் சொல்லுங்க சார்" என்றேன். "அப்போ நாமளே ஒட்டின நோட்டீஸுக்கு என்னம்மா அர்த்தம்? யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு பெரிசா எழுதி வச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த மனுஷன் பிரச்சினையை விட்டு ஓடுகிறார் என்றுதான் நினைத்தேன். ஜோசப் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். ஸ்கூட்டர் சத்தம். சார் முன்னால், பின்சீட்டில், வீட்டு வேட்டியும் ஸ்வெட்டருமாக, தலை கலைந்து, துறைத்தலைவர். வழியில் டயர் எரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்களாம். சார் கன்னடத்தில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவர்களே தடுப்பை விலக்கி வழிவிட்டிருக்கிறார்கள். துறைத்தலைவர் என் நாற்காலியில் உட்கார்ந்து தம் பாஸ்வேர்டைத் தட்டினார். நான் கணக்கை உருவாக்கி, ஜோசப்பின் லேப்டாப்பை இணைத்தேன். படம் உடனே வரவில்லை. சதுரம் சதுரமாக வந்தது. முதலில் ஒரு கண்ணாடி, பிறகு வெள்ளைத் துணி, பிறகு உள்ளங்கை அளவுக்கு ஒரு உயிர். அது வாயைத் திறந்து மூடியது. கடலைத் தாண்டி, டயர் எரிகிற இந்த ஊருக்குள், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற என் மேசைக்கு ஒரு குழந்தை கொட்டாவி விடுவது வந்து சேர்ந்தது. ஜோசப் திரையைத் தொட்டுத் தொட்டு ஏதோ ஒரு பெயரைச் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் சுவரோரம் போய் நின்றுகொண்டோம். குழந்தை பிழைத்துக்கொண்டது, பிறகு தாயோடு இங்கே வந்து, இதே வளாகத்துப் புல்லில் தவழ்ந்தது.

அன்று எல்லோரும் போன பிறகு, என் கோபத்தை நினைத்துக்கொண்டு சாரிடம், "கடைசில ஜோசப்புக்காக நீங்களே ரூல்ஸை வளைச்சுட்டீங்களே சார்" என்று சும்மா சீண்டினேன். அவர் ஹெல்மெட்டைத் துடைத்தபடி சொன்னார்: "வளைக்கலம்மா. ரூல்ஸையே ஸ்கூட்டர்ல உக்கார வச்சுக் கூட்டிட்டு வந்துட்டேன், அவ்ளோதான்."

தானாக இணைந்தது

தாவரவியல் துறையில் ஜெயசீலன் என்று ஒரு பேராசிரியர். மாரடைப்பில் போய்விட்டார். சில வாரம் கழித்து அவர் மனைவி, ரிச்சர்ட்ஸ் டவுன் மேரி ஆன்ட்டி, அவருடைய லேப்டாப்போடு வந்தார். அது துறையின் லேப்டாப், திருப்பிக் கொடுக்கவேண்டும். அதற்கு முன் குடும்பப் படங்களை எடுத்துத் தரும்படி கேட்டார். "இதைத் திறக்கவே எனக்கு மனசு வரலம்மா. இங்க வச்சுத் திறக்கலாம்னு கொண்டுவந்தேன்" என்றார். திறந்தோம். நான் ஒன்றையும் தொடவில்லை. ஒரு விநாடி யோசித்தது, மூலையில் கோடுகள் எழுந்தன, வைஃபை தானாக இணைந்துவிட்டது. உடனே மெயில்கள் விழத் தொடங்கின, ஒன்றன்மேல் ஒன்றாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு மணிச் சத்தம். ஆன்ட்டி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று காலை வந்திருந்த ஒரு மெயில் மேலே நின்றது. டில்லியில் இருக்கிற பழைய மாணவன். பேராசிரியர் இறந்தது தெரிந்தே எழுதியிருந்தான். நீங்கள் திருத்திக் கொடுத்த கட்டுரை இன்று ஏற்கப்பட்டது, உங்களிடம்தான் முதலில் சொல்லவேண்டும் என்று தோன்றியது, அதனால் அனுப்புகிறேன் என்று. ஆன்ட்டி அதை இரண்டு தடவை படித்தார். "இவன் நம்பர் எங்கிட்ட இருக்கு. நான் போன் பண்ணிப் பேசிக்கறேன்" என்றார். படங்களை நகல் எடுத்துக் கொடுத்தேன். இனி அந்தக் கணக்கை மூடவேண்டும். அதற்கு முன் லேப்டாப்பில் இணைப்பைத் துண்டிக்கப் போனேன். "இரும்மா, நானே பண்றேன்" என்று என் கையை மெல்ல விலக்கினார். எங்கே அழுத்தவேண்டும் என்று காட்டினேன், அழுத்தினார். கோடுகள் ஒன்றாக அணைந்தன.

லேப்டாப்பின் மூடியைச் சாத்தி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, யாருக்கோ சமாதானம் சொல்கிற குரலில் சொன்னார்: "அவர்தான் வந்திருக்கார்னு நெனச்சு ஓடிப்போய் சேந்துக்கிச்சு. பாவம், அதுக்கு யாரும் சொல்லல."

*

இத்தனையையும் கண்ணால் பார்த்துவிட்ட பிறகும், என் வீட்டில் வைஃபை வரவில்லை என்றால், நானும் உங்களைப் போலவே முதலில் அந்தப் பெட்டியின் தலையில் ரெண்டு தட்டுத் தட்டித்தான் பார்க்கிறேன்.